ஒத்திவைக்கப்பட்ட மழை

ஆனைக்கரம்பை நகர்மன்றத்தில் மழைநீர் வடிகால் பற்றிய பொருள் பத்தொன்பதாவது முறையாக ஒத்திவைக்கப்பட்ட அன்று, ஐப்பசி நாலாம் தேதி, பிற்பகல் மூன்றேகால் மணிக்கு, வானம் இருட்டி, காற்று அடங்கி, தும்பிகள் தாழப் பறக்க, பெண்கள் எல்லாம் மாடியில் காய்ந்ததை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓட, மழை இறங்கத் தொடங்கியது, இறங்கிக்கொண்டே வந்தது, வந்து தரையைத் தொடுவதற்கு முன்னால் அந்தரத்தில் நின்றுகொண்டது. ஓய்ந்துபோகவில்லை. ஒவ்வொரு துளியும் தன் தன் இடத்தில், விழாமலும் திரும்பிப் போகாமலும் நின்றது. நகராட்சி எல்லைக்கு வெளியே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அதே மழை வழக்கம்போலக் கொட்டித் தீர்த்தது.

ஊரில் யாரும் இதற்காக வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. மன்றம் ஒத்திவைத்தது, மழை நின்றது, இதில் பேச என்ன இருக்கிறது என்றுதான் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ரேஷன் கார்டில் ஒரு பெயர் சேர்க்க ஆறு வருஷம் வரிசையில் நின்றவர்களுக்கு, மழை உத்தரவுக்காக நிற்பது புதிதாகப் படவில்லை.

பள்ளத்தெருவுக்கு அன்று கிடைத்த நிம்மதியைத்தான் சொல்லி மாளாது. ஊர்த் தண்ணீர் முழுக்க வந்து சேர்கிற தெரு அது. மேட்டுத்தெருவில் பெய்தாலும், கடைத்தெருவில் பெய்தாலும், கோயில் மதிலுக்குள் பெய்தாலும் மழைக்குப் பள்ளத்தெருவைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. அதனால் ஐப்பசி பிறந்த அன்றே அறுபது வீட்டிலும் கட்டிலுக்கும் பீரோவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் கால் ஒன்றுக்கு மூன்று செங்கல் வீதம் அண்டை கொடுத்து உயர்த்திவிடுவார்கள். மார்கழி முடிந்துதான் இறக்குவார்கள். அந்தத் தெருவுக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் வேலையை விசாரிப்பதற்கு முன்னால், வீட்டில் செங்கல் போதுமான அளவு இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். பதினோராவது வார்டு உறுப்பினர் தையல்நாயகியின் வீட்டில் ஒரு கட்டிலுக்கு மட்டும் அளவு வேறு. கால் ஒன்றுக்கு ஆறு.

அது அவள் புருஷன் பக்கிரிசாமியின் கட்டில். வீட்டின் முன்பாதி மாவு மில், பின்பாதி குடித்தனம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் லாரியிலிருந்து நெல் மூட்டை இறக்கும்போது தவறி விழுந்ததிலிருந்து பக்கிரிசாமிக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை; அசையாததற்கும் சேர்த்து வாய் அசையும். போன வருஷக் கார்த்திகை வெள்ளத்தில் தண்ணீர் ஆறு செங்கல்லையும் முழுங்கி, கட்டில் காலையும் முழுங்கி, சட்டத்துக்கு நாலு விரல் கீழே வந்து நின்றது. படகு வருவதற்குள் மூன்று நாளாகிவிட்டது. அந்த மூன்று நாளும் தையல்நாயகி தொடையளவு தண்ணீரில் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள், கண்ணயர்ந்தால் கட்டில் மிதந்துவிடுமோ என்று. "நாயகி, கப்பல் கெளம்பறதுக்குள்ள டிக்கெட் வாங்கிட்டியா?" என்று அவன் கேட்டான். அவள் சிரித்தாள், சிரிப்பு முடியும் இடத்தில் அழுதாள், அழுதுகொண்டே சட்டத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்பேர்ப்பட்டவள் வடிகால் பொருளை ஒத்திவைக்கப் பத்தொன்பது முறையும் கை தூக்கியிருக்கிறாள் என்பதுதான் இந்தக் கதையின் வெட்கக்கேடு.

ஆனைக்கரம்பை மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. அஜெண்டாவில் எத்தனை பொருள் இருந்தாலும் வடிகால்தான் கடைசி, இருபத்துமூன்றாவது. இருபத்திரண்டு முடியும்போது மெதுவடையும் டீயும் வந்துவிடும். ஒரு கையில் வடையும் மறு கையில் டம்ளருமாக இருக்கிறவர்களிடம் எதையும் வாசித்துக் காட்ட முடியாது என்பதால், மன்றத் தலைவர் தனகோடி "ஒத்திவைக்கலாமா?" என்று பொதுவாகக் கேட்பார், இருபத்தொரு உறுப்பினர்களும் வடை இருக்கிற கையைத் தூக்கிவிடுவார்கள். வடிகால் என்று ஒன்று வந்தால் அது ஊர்த் திடலில்தான் போய் முடிய வேண்டும், அதைவிடத் தாழ்ந்த பொது இடம் ஊரில் இல்லை. திடலிலோ வணிக வளாகம் கட்டுவதாகத் தனகோடி, திடலுக்குப் போகிற வழியெல்லாம் மண் கொட்டி மேடாக்கி, அடிக்கல்லே நாட்டிவிட்டார். வளாகத்தில் இருபத்தொரு கடை, உறுப்பினருக்கு ஒன்று என்று எண் எழுதிய சீட்டும் கொடுத்தாயிற்று. தையல்நாயகிக்கு நாலாம் எண். கடைக்கு வரப்போகும் நாலடி உயர மேடையில் மில்லை ஏற்றிவிடலாம், பின்னால் தடுத்துப் பக்கிரிசாமியின் கட்டிலையும் போட்டுவிடலாம், அப்புறம் தண்ணீர் வந்தால் என்ன வராவிட்டால் என்ன என்று அவள் மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒருத்தருக்கும் இந்தச் சீட்டு விஷயம் தெரியாது. பக்கிரிசாமிக்கும் தெரியாது.

நின்ற மழைக்கு ஒரு குணம் இருந்தது. அதன் அடிப்பக்கம் ஊர் முழுக்க ஒரே மட்டமாக நின்றது. மேடு பள்ளமெல்லாம் ஊரில்தான். ஆகவே மேட்டுத்தெருவில் மழை ஆளின் கழுத்தளவில் நின்றது, அதைவிட ஒன்பதடி தாழ்ந்த பள்ளத்தெருவில் தலைக்கு மேலே வெகு உயரத்தில், கல்யாணப் பந்தலைப் போல நின்றது. மேட்டுத்தெருக்காரர்கள் வாசலில் கால் வைத்தால் துளிகளுக்குள் தலையைக் கொடுத்துத்தான் நடக்க வேண்டும்; தலை சொட்டச் சொட்ட நனையும்; ஆனால் சரிவில் இறங்கிப் பள்ளத்தெருவுக்கு வந்ததும், நனைத்த தண்ணீர் எல்லாம் மேலே தன் இடத்துக்குத் திரும்பிவிடும், தலை துவட்ட வேண்டிய தேவையே இல்லாமல் காய்ந்திருக்கும். குடை எதற்கும் உதவவில்லை. விழாத மழையைக் குடை என்ன செய்யும்?

அடுத்துப் பெய்த மழையும் வந்து நின்றது. அதற்கு அடுத்ததும் நின்றது. ஒவ்வொரு மழைக்கும் மட்டம் ஒரு சாண் இறங்கியது. மேட்டுத்தெருவில் மார்பளவு, பிறகு இடுப்பளவு, ஐந்தாவது மழையில் முழங்காலளவு. தனகோடியின் மீசையிலிருந்து எந்நேரமும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. நாய்களும் கோழிகளும் மட்டும் மேட்டுத்தெருவில் நனையாமல் நடமாடின.

மனிதர்கள் பழகிக்கொண்டார்கள். கல்யாணங்களைப் பள்ளத்தெருவுக்கு மாற்றினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காலை வணக்கம் பள்ளத்தெருவில் நடந்தது. ஓய்வு பெற்ற தாசில்தார் தினமும் சாயங்காலம் பள்ளத்தெருவுக்கு வந்து, காய்ந்த வேட்டியோடு நிமிர்ந்து ஒரு நடை நடந்துவிட்டு, மறுபடி போய் நனைந்தார். பள்ளத்தெரு இருக்கிற திசையில் அதுவரை பல்லக்குக் கம்பையே திருப்பாத கோயில்காரர்கள், பூ அலங்காரம் கெட்டுவிடக் கூடாதென்று அம்மன் புறப்பாட்டை முதல் முறையாக அந்தத் தெருவுக்குள் கொண்டுவந்தார்கள். அறுபது வீட்டு வாசலிலும் கோலம். எதிர்வீட்டு அஞ்சம்மாள் ஆரத்தித் தட்டைப் பிடித்தபடி, கண்ணீர் வழிய, கற்பூரம் அணைந்தது கூடத் தெரியாமல் நின்றாள்.

ஆனால் கீழே தரை காய்ந்துகொண்டே போனது. அத்தனை தண்ணீர் மேலே நிற்க, கார்த்திகையில் புழுதி பறந்தது. அடிபம்பில் காற்றுத்தான் வந்தது. மாடியில் ஏறிக் குடத்தை நீட்டினால் நிறைந்தது, கீழே இறக்கினால் காலியாக இருந்தது. மில் வாசல் வேம்பு, தலை முழுக்க மழைக்குள்ளும் வேர் முழுக்க வறட்சியிலுமாக நின்று, இலையைக் கொட்டத் தொடங்கியது. தையல்நாயகி அதைப் பெருக்கித் தள்ளும்போதெல்லாம் மனது என்னவோ போலிருந்தது. இருந்தாலும் அண்ணாந்து பார்த்து, நீ அங்கேயே இரு சாமி, என்று மழையைக் கும்பிட்டுக்கொண்டாள்.

கார்த்திகை ஏழாம் தேதி நகராட்சி எழுத்தர் ஜெபமாலை கோதுமை அரைக்க வந்தார். மன்றத்தின் தீர்மானப் புத்தகத்தை எழுதுகிறவர் அவர்தான். முத்து முத்தான கையெழுத்து, ஆனால் நத்தை வேகம். ஒரு கூட்டத்தின் தீர்மானங்களைச் சுத்தப்பிரதி எழுத மூன்று நாள் எடுத்துக்கொள்வார், அதற்காகத் தனகோடியிடம் வாங்காத ஏச்சு கிடையாது.

"தையல்நாயகிம்மா, பதினெட்டாம் தேதியோட நம்ம மன்றத்துக்கு அஞ்சு வருஷம் முடியுது."

"தெரியும் சார். அதுக்கென்ன?"

"மன்றம் கலைஞ்சா, அது ஒத்திவச்ச பொருள் எல்லாமும் கலைஞ்சிடும். விதி அப்படி. அப்ப ஒத்திவப்பும் கிடையாது." அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலே பார்த்தார்.

தையல்நாயகி மில்லை நிறுத்தினாள். "மொத்தமுமா சார்? ஒரே நேரத்துலயா?"

"பெஞ்சது அஞ்சு மழை. பதினெட்டாம் தேதிக்குள்ள இன்னும் எத்தனையோ. எங்க வரும்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா?"

அவர் மாவை வாங்கிக்கொண்டு போன பிறகும் அவள் மில்லை ஓட்டவில்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தாள். போன வருஷத் தண்ணீர்க்கோடு காவி நிறத்தில் அப்படியே இருந்தது. அது ஒரே ஒரு வெள்ளத்தின் கோடு.

அதற்குள் வடிகால் வெட்டியாக வேண்டும் என்று தெருக்காரர்களைக் கூட்டிச் சொன்னபோது தெரு ஒப்புக்கொள்ளவில்லை. அஞ்சம்மாள்தான் முன்னால் வந்து பேசினாள்.

"புது மன்றம் வந்தா அதுகிட்ட சொல்லி இன்னொரு தடவ ஒத்திவைக்கச் சொல்லு. பள்ளத்தெருன்னா மூக்கைப் பொத்திக்கிட்டுப் போன சனம் இப்பதான் நம்மள வாங்க போங்கன்னு பேசுது. அம்மனே இப்பதான் வழி கண்டுபிடிச்சு வந்திருக்கா. அதையும் சேத்து வடிச்சு விட்டுடணுமா?"

அஞ்சம்மாள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து கட்டிலோரம் நின்ற தையல்நாயகி, அன்றைக்குத்தான் பக்கிரிசாமியிடம் நாலாம் எண் சீட்டைக் காட்டினாள். ஐந்து வருஷமாக அரிசிப் பானைக்குள் இருந்த சீட்டு. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வழக்கமாக வருகிற கேலி வரவில்லை.

"எனக்காகத்தான் வாங்கினியா?"

"உங்களுக்காகத்தாங்க."

"கடை மேட்டுல இருக்கும், சரி. மத்த அம்பத்தொம்பது வீட்டை எந்த மேட்டுல ஏத்துவே?" என்று கேட்டுவிட்டு, அவள் முகம் போன போக்கைப் பார்த்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "போன வருஷம் மூணு நாள் நின்னியே, அப்ப எதிர்வீட்டு அஞ்சம்மா பரண் மேல உக்காந்துக்கிட்டு மணிக்கொரு தடவ 'நாயகி, அண்ணன் இருக்காரா?'ன்னு கத்திக் கேட்டா. ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அன்று ராட்டைக்குப் போன நூல்போல அவள் புத்தி ஒரு முடிவைச் சுற்றிக்கொண்டது.

மறுநாள் தனகோடியைப் பார்க்கப் போனாள். மேட்டுத்தெருவில் முழங்காலுக்கு மேலே நனைந்தபடி அவர் நின்றார், நனைந்தபடி இவளும் நின்றாள். "தலைவரே, கடைசிக் கூட்டம். எல்லாரும் நல்ல துணி உடுத்திக்கிட்டு வருவாங்க. மன்றக் கட்டடத்துக்கு நனைஞ்சுகிட்டு வர்றதுக்குப் பதிலா எங்க மில்லுல வச்சுக்கலாமே?" என்றாள். மீசையைப் பிழிந்துகொண்டே தனகோடி, "நல்ல யோசனைம்மா. வடை மட்டும் சூடா இருக்கணும்" என்றார்.

பதினாலாம் தேதி காலை பதினோரு மணிக்குக் கூட்டம். மில்லில் நாற்காலி இல்லை. தெருவில் இருந்த கட்டில்களை, செங்கல்லோடு செங்கல்லாகத் தூக்கிவந்து வரிசையாகப் போட்டிருந்தாள். உறுப்பினர்கள் ஒருத்தரை ஒருத்தர் பிடித்து ஏறி உட்கார்ந்தார்கள். யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. இருபது ஜோடிக் கால்கள் அந்தரத்தில் ஊஞ்சலாடின. தனகோடிக்கு எல்லோரையும்விட உயரமான இடம், பக்கிரிசாமியின் கட்டில். இரண்டு பேர் கை கொடுத்துத்தான் அவரை ஏற்ற முடிந்தது. கால் தரையில் பாவாத மனிதனுக்குக் குரல் கொஞ்சம் இறங்கித்தான் போகும். ஏன் இவ்வளவு செங்கல் என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் குனிந்து குனிந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இருபத்திரண்டு பொருளும் முடிந்தன. எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள்.

"டீ?" என்றார் தனகோடி.

"அடுப்புல இருக்கு தலைவரே. இருபத்துமூணு முடிஞ்சதும் வந்துடும்" என்றாள் தையல்நாயகி.

கையில் வடை இல்லாமல் இருபத்துமூன்றாவது பொருளைக் கேட்பது அந்த மன்றத்துக்கு அதுவே முதல் தடவை. கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் ஆளாளுக்கு மடியில் வைத்துக்கொண்டார்கள். ஜெபமாலை எழுந்து நின்று வாசித்தார். பத்தொன்பது முறை தலைப்பு வரியோடு நின்றுபோன காகிதம் அன்று கடைசி வரி வரைக்கும் வாசிக்கப்பட்டது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பள்ளத்தெருக் கோடியிலிருந்து திடல் வரை, கொட்டி மேடாக்கிய மண்ணை வெட்டி, மூன்றடி அகலத்தில் இருநூறு அடி நீளத்துக்கு ஒரு வாய்க்கால். மழைக்காலம் போக மற்ற மாதங்களில் திடல் திடலாகவே இருக்கும். அவ்வளவுதான்.

"எவ்வளவு? இருநூறு அடியா?" என்று ஏழாவது வார்டு உறுப்பினர் கேட்டார்.

"இருநூறு அடிதான் சார்" என்றார் ஜெபமாலை. "பத்தொம்பது தடவையும் இருநூறு அடிதான்."

தனகோடி கனைத்துக்கொண்டு, "எல்லாம் சரி, திடல்ல வளாகம் வருதே. அடிக்கல் நாட்டியாச்சே" என்று தொடங்கினார்.

தையல்நாயகி இடுப்பில் செருகியிருந்த சீட்டை எடுத்து ஜெபமாலையின் புத்தகத்தின் மேல் வைத்தாள். வாசலில் அவள் தெரு முழுக்க நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

"நாலாம் நம்பர் கடைக்கு உண்டான சீட்டு இது. இதுக்காக நான் பத்தொம்பது தடவ கை தூக்கியிருக்கேன். என் தெரு என்னை நம்பி ஓட்டுப் போட்டுச்சு, நான் வடையைத் தூக்கிக் காட்டினேன். இந்தக் கடை எனக்கு வேண்டாம். இந்தத் தடவ நான் ஒத்திவைக்க மாட்டேன்."

அஞ்சம்மாள் கூட்டத்துக்குள்ளிருந்து பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் தையல்நாயகி தலையைக் குனிந்துகொண்டாள்.

தனகோடி பதில் தேடிச் சுவர்ப்பக்கம் திரும்பினார். அவர் உட்கார்ந்திருந்த சட்டத்துக்கு நாலு விரல் கீழே காவிக்கோடு ஓடியது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார். "இது என்னது?"

"போன வருஷம் தலைவரே" என்றான் பக்கத்துக் கட்டிலில் சாய்ந்திருந்த பக்கிரிசாமி. "நீங்க இப்ப உக்காந்திருக்கிற எடத்துலதான் நான் இருந்தேன். எறங்கணும்னா சொல்லுங்க. நானும் ஒம்பது வருஷமா அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

தனகோடி தொங்கிக்கொண்டிருந்த தன் காலைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், வாசல் வழியாக மேலே நிற்கிற ஐந்து மழையைப் பார்த்தார். பயந்துவிட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் பயம் ஒன்றினால் மட்டும் தலைவர்கள் முடிவெடுப்பதில்லை. சிறு பிள்ளை மாதிரி, "என் பேரு போட்ட கல்லு இருக்கே" என்றார்.

"கல்லை ஏன் எடுக்கணும்?" என்றாள் தையல்நாயகி. "தண்ணி திடலுக்குள்ள நுழையிற வாயில அப்படியே நட்டு வைப்போம். தனகோடி வடிகால்னு ஊரு சொல்லட்டும்."

அது மரியாதையா அவமரியாதையா என்று அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். கடைசியில், "எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும்" என்றார். பதினேழு வெறுங்கைகள் மேலே போயின. டீ வந்தது. வடை ஆறிப்போயிருந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

கூட்டம் கலைந்ததும் ஜெபமாலை அவளைத் தனியே கூப்பிட்டார். "தலைவர் கையெழுத்து விழுந்ததுமே மழைக்கு உத்தரவு ஆயிடும். சுத்தப்பிரதி எழுத எனக்கு மூணு நாள் ஆகும். நான் எவ்வளவு மெதுவா எழுதுவேன்னுதான் ஊருக்கே தெரியுமே. அதுக்குள்ள வெட்டிடுங்க."

மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு முதலில் வந்தது தையல்நாயகி. கொஞ்ச நேரம் தனியாகவே வெட்டினாள். பிறகு இரண்டு பேர் வந்தார்கள், பிறகு பத்துப் பேர், மத்தியானத்துக்குள் தெருவே வந்துவிட்டது. ஓய்வு பெற்ற தாசில்தார்கூட ஒரு கூடை மண் சுமந்தார். ஆனால் அது கொட்டி மேடாக்கிய மண். வெட்ட வெட்டச் சரிந்து விழுந்தது. இரண்டு பக்கமும் செங்கல் அடுக்காமல் நிற்காது. டெண்டர் விட்டுச் செங்கல் வாங்குவதென்றால் அடுத்த ஐப்பசி வந்துவிடும். எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். செங்கல் எங்கே இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்து சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்லை, ஏனென்றால் மழை தலைக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

அஞ்சம்மாள் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது தலையில் பன்னிரண்டு செங்கல் இருந்தது, அவள் பீரோவுக்குக் கீழே இருந்தது. தையல்நாயகியின் காலடியில் இறக்கி வைத்துவிட்டு, "உன் மேல எனக்குக் கோவம் தீரலை" என்றாள். "ஆனா அம்மன் அடுத்த வருஷமும் இந்தத் தெருவுக்கு வரணும்னா, அவ நடக்கறதுக்குத் தரைன்னு ஒண்ணு வேணும்ல?"

அப்புறம் வீடு வீடாகக் கட்டில்கள் இறங்கின, பீரோக்கள் இறங்கின, ஃப்ரிட்ஜுகள் இறங்கின. செங்கல் கைமாறிக் கைமாறித் தெருக்கோடிக்குப் போனது. மூன்றாம் நாள் மத்தியானம் இருநூறு அடியும் முடிந்து, தெரு திரும்புகிற முக்கில் மட்டும், தண்ணீர் முதலில் வந்து மோதுகிற இடத்தில், இரண்டு முழ நீளத்துக்குச் செங்கல் போதவில்லை. இருபத்துநான்கு கல் வேண்டும் என்றார் கொத்தனார். அறுபது வீட்டில் ஐம்பத்தொன்பது வீடு தரையோடு தரையாக இருந்தது. யாரும் தையல்நாயகியைக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

வீட்டுக்குள் போய்க் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தன வேணுமாம்?" என்றான் பக்கிரிசாமி.

"இருபத்துநாலு."

"அளந்து வச்சாப்புல இருக்கு. எடு."

"முடியாதுங்க. இதை எறக்கிட்டு, தண்ணி உள்ள திரும்பிடுச்சுன்னா... என்னால உங்களத் தூக்க முடியாது. எனக்குப் பயமா இருக்குங்க."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றான் அவன். அவன் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. "ஆனா அந்த முக்கு ஒடைஞ்சா ஆறு கல்லு என்ன, அறுபது கல்லு வச்சாலும் நான் மெதந்துதான் போவேன். எடு நாயகி. வருஷத்துல மூணு மாசம் அந்தரத்துல படுத்துப் படுத்து எனக்கும் சலிச்சுப் போச்சு."

நாலு பேர் வந்து கட்டிலை அவனோடு தூக்கிப் பிடித்தார்கள். அவளே குனிந்து ஒவ்வொரு கல்லாக உருவி எடுத்தாள். கட்டில் தரையில் அமர்ந்தது. பக்கிரிசாமிக்கு வீடு திடீரென்று உயரமாகிவிட்டது, கூரையைப் பார்த்து, "அடேயப்பா, நம்ம வீட்டுக்கு இவ்வளவு ஒசரமா?" என்றான்.

முக்கில் கடைசிக் கல் பதிந்தபோது மணி மூன்று. கொத்தனார் கையைக் கழுவத் தண்ணீர் இல்லாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஜெபமாலை புத்தகத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு புது வாய்க்கால் கரைக்கே வந்துவிட்டார். பின்னாலேயே தனகோடி. தீர்மானத்தை முன்மொழிந்தவள் என்ற இடத்தில் தையல்நாயகி கையெழுத்துப் போட்டாள். தனகோடி பேனாவை வாங்கி, ஒருமுறை மேலே பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு போட்டார்.

அவள் வீட்டுக்கு ஓடி வந்து கட்டிலைப் பிடிக்கவும் மழை விழவும் சரியாக இருந்தது. நாற்பத்துநான்கு நாள் நின்ற மழை ஒன்றன்பின் ஒன்றாக, வந்த வரிசையிலேயே இறங்கியது, ஐப்பசி நாலாம் தேதி மழை முதலில். ஓடு அதிர்ந்தது. புழுதி வாசனை வீட்டுக்குள் வந்தது. வேம்பு சத்தம் போட்டது. மேட்டுத்தெருவிலிருந்து தண்ணீர் வருகிற இரைச்சலை, வருஷாவருஷம் கேட்டுப் பழகிய அந்த இரைச்சலை, இருவரும் கேட்டார்கள். அவள் தரையில் மண்டியிட்டுக் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். தண்ணீர் வாசலுக்கு வந்தது. படியைத் தொட்டது. முதல் படியில் ஏறியது. அங்கே ஒரு மூச்சு நேரம் நின்றது.

தெருக்கோடியிலிருந்து அஞ்சம்மாளின் குரல் மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது. "திரும்பிடுச்சுடீ நாயகி! முக்குல திரும்பிடுச்சு! திடலுக்குப் போவுது! அண்ணன் இருக்காரா?"

"இருக்காரு!" என்று கத்தினாள் தையல்நாயகி. "இருக்காரு அஞ்சம்மா, இருக்காரு!"

படியில் ஏறிய தண்ணீர் இறங்கியது. இறங்கித் தெருவோடு போய்க்கொண்டே இருந்தது. மழை ஓயவில்லை, ஆனால் தண்ணீருக்குப் போக ஓர் இடம் இருந்தது, அது பாட்டுக்குப் போனது.

பக்கிரிசாமி கட்டிலின் ஓரமாகக் கையைக் கீழே தொங்கவிட்டான். ஒன்பது வருஷமாக எந்த மழைக்காலத்திலும் அவன் கைக்கு எட்டாத தரை அன்று எட்டியது. உள்ளங்கையை விரித்து அதைத் தடவினான், தடவிக்கொண்டே இருந்தான், பிறகு கையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே காட்டினான். கை முழுக்க வெள்ளை வெளேரென்று மில் மாவு. அவன் வாயால் ஊதினான். மாவு பறந்தது.

"காஞ்ச தரை நாயகி" என்றான்.

தையல்நாயகி கட்டில் சட்டத்திலிருந்து ஒவ்வொரு விரலாகக் கையை எடுத்தாள். எடுத்துவிட்டுத் தரையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.